டபுள் ஐபிஏவைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

டபுள் ஐபிஏ என்னும் கடுமையான பீரை முதன்முறையாகக் குடிக்கும் நண்பர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஒரே கசப்பு" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அவர்களையே இன்னொரு மிடறு குடிக்கச் சொல்லி, நாக்கில் என்ன தெரிகிறது, கன்னத்தின் உட்புறம் என்ன தெரிகிறது, தொண்டையில் என்ன தெரிகிறது என்று தனித்தனியாகக் கேட்டால், அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று உணர்வுகள் அடைபட்டிருப்பது வெளிப்படும். நாக்கில் தங்குவது கசப்பு. கன்னத்தை இழுத்துப் பிடிப்பது துவர்ப்பு. தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்குவது ஆல்கஹாலின் காரம். இந்த பீரை மதிப்பிடும் வேலையில் பெரும்பகுதி இம்மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதுதான் என்பது, கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளாக இவற்றைக் குறிப்பெடுத்துக் குடித்துவரும் என் முடிவு. கசப்பு இதன் உயிர். அது சுத்தமாக இருக்கும்வரை வலுவாக இருப்பது குறையாகாது. துவர்ப்பும் காரமும் ஓரளவைத் தாண்டினால் அவை தயாரிப்பில் நேர்ந்த பிழைகள். கைப்பு, துவர்ப்பு, கார்ப்பு மூன்றையும் அறுசுவையில் தனித்தனியாக எண்ணிப் பழகிய தமிழ் நாக்குக்கு இந்தப் பிரிவினை அயலானதல்ல.

மதிப்பிடப்போவது எந்த பீர்?

ஐபிஏ என்பதன் விரிவு இந்தியா பேல் ஏல். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து லண்டனிலிருந்தும், பின்னர் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரிலிருந்தும், கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களுக்குக் கப்பலேறிய, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) தூக்கலான, வெளிர்நிற ஏல் என்னும் பீர் வகையிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் டபுள் ஐபிஏ முழுக்க முழுக்க அமெரிக்கப் பிள்ளை. 1994இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் டெமெக்குலா ஊரில், பிளைண்ட் பிக் என்ற சிறு ஆலையின் முதல் பீரைக் காய்ச்சிய வின்னி சிலுர்ஸோ, தம்முடைய பழைய கருவிகளால் ஏதாவது பிசிறு நேர்ந்தால் மறையட்டும் என்று, வழக்கமான செய்முறையில் ஹாப்ஸை இருமடங்காக்கி மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஏறத்தாழ 30 சதவீதம் கூட்டினார். இந்த வகையின் தொடக்கம் அதுவென்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவரே பின்னர் ரஷ்யன் ரிவர் ஆலையில் உருவாக்கிய பிளைனி தி எல்டர் இன்றுவரை இவ்வகையின் அளவுகோலாக நிற்கிறது. ரோமானிய இயற்கையியலாளர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்த பீரில் ஆல்கஹால் 8 சதவீதம்.

அமெரிக்காவில் பீர் போட்டிகளுக்கு நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பு 1985இலிருந்து இயங்கிவருகிறது. அதன் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி டபுள் ஐபிஏவில் ஆல்கஹால் 7.5 முதல் 10 சதவீதம் வரையிலும், கசப்பின் அளவு 60 முதல் 100 ஐபியு வரையிலும் இருக்கலாம். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் இருந்தால் அது ஏறத்தாழ ஒரு ஐபியு. லைட் லாகர் என்னும் சாதாரண அமெரிக்க லேசான பீரில் இது 10ஐச் சுற்றியே இருக்கும். இருந்தாலும் இந்த எண்ணை வைத்து யாரும் ஒரு பீரை எடைபோட வேண்டாம். 90 ஐபியு கொண்ட பீர் மால்ட்டின் இனிப்பில் மென்மையாகத் தோன்றலாம். 65 ஐபியு கொண்ட வறண்ட (இனிப்பு மிஞ்சாத) பீர் நாக்கைப் பிடுங்கலாம்.

எண்களைவிட அந்த வழிகாட்டுதலின் கருத்துதான் முக்கியம். ஹாப்ஸ் மிகத் தீவிரமாக இருக்க வேண்டும். ஆனால் முடிவு (விழுங்கியபின் மிஞ்சும் சுவை) வறட்சியாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். பார்லிவைன் என்னும் கடும் ஏலின் கனத்த மால்ட்டும் இனிப்பும் கூடாது. வலுவான பீராக இருந்தும் குடிக்கக் குடிக்கத் திகட்டக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நாம் சரிபார்ப்பது இவற்றைத்தான். தெளிவான, கசப்பு முன்னிற்கும் மேற்குக் கடற்கரைப் பாணியையே மனத்தில் வைத்து எழுதுகிறேன். வெர்மான்ட் மாநிலத்தில் ஹெடி டாப்பர் என்ற பீரிலிருந்து பரவிய, கசப்பு அடங்கிய கலங்கல் பாணிக்கு ஆங்காங்கே வேறு அளவுகோல் தேவைப்படும்.

படி 1: தேதியைப் பார்த்து வாங்குதல்

மதிப்பீடு கடையிலேயே தொடங்கிவிடுகிறது. ஹாப்ஸின் மணம் எண்ணெய்களாலானது. அந்த எண்ணெய்களுக்கு ஆயுள் குறைவு. எனவே கேனின் அடிப்பகுதியிலோ, பாட்டிலின் கழுத்திலோ, லேபிளின் ஓரத்திலோ அச்சிடப்பட்டிருக்கும் நிரப்பிய தேதியை முதலில் தேடுங்கள். "இந்தத் தேதிக்கு முன் குடிக்கவும்" என்று மட்டும் போட்டிருந்தால், அது நிரப்பிய நாளிலிருந்து எத்தனை மாதம் தள்ளிப் போடப்பட்டது என்பதை ஆலையே சொன்னாலொழிய நமக்குத் தெரியாது. நான் வைத்திருக்கும் கணக்கு இது: நிரப்பி நான்கு வாரத்துக்குள் இருந்தால் அந்த பீரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்; எட்டு வாரம் வரை குடிக்கலாம்; அதற்கு மேற்பட்டதைக் குடித்துவிட்டு ஆலையைக் குறை சொல்வது நியாயமில்லை.

தேதியைப் போலவே அது எங்கே இருந்தது என்பதும் கணக்கில் வரும். பீர் வணிகத்தில் 3, 30, 300 என்று ஒரு தோராய விதி உண்டு. ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸில் மூன்று நாளில் வரும் முதுமை, 22 டிகிரியில் முப்பது நாளிலும், குளிர்பெட்டியின் 3 டிகிரியில் முந்நூறு நாளிலும் வரும் என்பதே அது. ஒருமுறை ஒரு கடையில் என் விருப்பமான பீரை அடுக்கிவைத்திருந்ததைக் கண்டு நான்கு கேன் அள்ளிக்கொண்டு வந்தேன். தேதி வெறும் ஆறு வாரம்தான். ஆனால் அது அடுக்கப்பட்டிருந்தது மேற்குப் பார்த்த சன்னலுக்குக் கீழே. வழக்கமாகப் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளியதுபோல் எழும் மணம் இருக்க வேண்டிய இடத்தில் தேனும் நனைந்த அட்டைப்பெட்டியும் கலந்த ஒரு வாசனை இருந்தது. நான்கு கேனும் அப்படியேதான். அன்றிலிருந்து குளிர்பெட்டிக்கு வெளியே இருக்கும் டபுள் ஐபிஏவை நான் வாங்குவதில்லை.

வெப்பத்தைப் போலவே ஒளியும் எதிரி. வெளிச்சம் படும்போது ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் சிதைந்து, ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றத்தை நிகர்த்த ஒரு கந்தகச் சேர்மமாக மாறுகின்றன. நிறமற்ற பாட்டிலும் பச்சைப் பாட்டிலும் இதைத் தடுப்பதில்லை. பழுப்புப் பாட்டில் பெருமளவு தடுக்கும். கேன் முழுவதும் தடுக்கும். கண்ணாடிக் குவளையில் ஊற்றிய பீருக்கோ எந்தக் காப்பும் இல்லை. நேர் வெயிலில் சில நிமிடங்களிலேயே அந்த நாற்றம் எழுந்துவிடும் என்பதால், மதிப்பிடுவதற்கான இடம் தோட்டமோ கடற்கரையோ அல்ல, வீட்டின் உட்புறம்.

படி 2: நாக்கையும் மூக்கையும் தயார் செய்தல்

சுவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து காபி, புதினா, பற்பசை, காரமான உணவு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மிளகாயின் எரிச்சல் வாயில் மிச்சமிருந்தால் ஆல்கஹாலின் காரம் இருமடங்காகத் தெரியும். அந்தப் பழி பீரின் மேல் விழும். நறுமணத் தைலம் பூசிக்கொண்டும் உட்காரக் கூடாது. பக்கத்தில் சாதாரண வெப்பநிலையில் தண்ணீரும், உப்பில்லாத ரொட்டியும் இருந்தால் போதும்.

முதல்முறை மதிப்பிடுபவர்களுக்கு நான் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. மூன்று சிறு குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் டானிக் வாட்டர். இரண்டாவதில் பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட்ட, பாலும் சர்க்கரையும் சேர்க்காத கறுப்புத் தேநீர். மூன்றாவதில் ஒரு பங்கு வோட்காவுடன் மூன்று பங்கு தண்ணீர். டானிக்கில் இனிப்பைத் தாண்டி நாக்கின் பின்பகுதியில் தங்குவது குவினைனின் சுத்தமான கசப்பு. தேநீரை விழுங்கியபின் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு போய், வாழைப்பூவைப் பச்சையாக மென்றதுபோல் சொரசொரப்பாக இருக்கும். உமிழ்நீரிலுள்ள புரதங்களை டானின்கள் பற்றிக்கொள்வதால் வரும் துவர்ப்பு அது. மூன்றாவது குவளை ஏறத்தாழ 10 சதவீத ஆல்கஹால். சுவை என்று பெரிதாக எதுவும் இன்றி, மார்புவரை ஒரு சூடு மட்டும் இறங்கும். இந்த மூன்றையும் ஒருமுறை ஞாபகத்தில் பதித்துக்கொண்டால், டபுள் ஐபிஏவில் அவை கலந்து வரும்போது அடையாளம் காண்பது எளிதாகிவிடும்.

மூக்குக்கான பயிற்சி அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. ஹாப்ஸ் எண்ணெயில் பெரும்பங்கு வகிப்பது மைர்சீன். மா இஞ்சிக்கு மாங்காய் வாசனை தருவதும் முதன்மையாக அதுவே. ஹாப்ஸின் மலர் மணத்துக்குக் காரணமான லினலூல், கொத்தமல்லி விதை எண்ணெயின் முக்கியக் கூறு. ஹாப்ஸிலுள்ள காரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் உண்டு. ஜெரானியால் ரோஜாவில் உண்டு. கொய்யாவிலும் பேஷன் ஃபுரூட்டிலும் இருக்கும் சில கந்தகச் சேர்மங்கள் புதிய ஹாப்ஸ் ரகங்களில் மிக நுண்ணிய அளவில் இருந்துகொண்டே பீர் முழுவதையும் பழமாக்கிவிடுகின்றன. ஒரு துண்டு மா இஞ்சியை நசுக்கி முகர்ந்துவிட்டு, உடனே நல்ல ஹாப்ஸ் பீரை முகர்ந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள உறவு நேரடியாகத் தெரியும்போது, "பழ வாசனை" என்று பொத்தாம்பொதுவாக எழுதும் பழக்கம் அன்றோடு போய்விடும்.

படி 3: குவளையும் வெப்பநிலையும்

வாய்ப்புறம் சற்றே குறுகிய, டியூலிப் மலர் வடிவக் குவளை வேண்டும். இல்லையென்றால் வைன் குவளையே போதும். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பின் மிச்சமோ நுரையைக் கொன்றுவிடும் என்பதால் நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிட்ட குவளையாக இருக்க வேண்டும். ஊற்றியபின் உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் குவளை சுத்தமில்லை என்று பொருள். பீரில் கோளாறு இல்லை. ஃப்ரீசரில் வைத்து உறைய வைத்த குவளை வேண்டவே வேண்டாம்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, 7 டிகிரி அளவில் தொடங்கி, குவளை கையில் இருக்க இருக்க 13 டிகிரி வரை ஏறும் போக்கில் சுவைப்பதே முறை. குளிர்ச்சி குறைகளை மறைக்கும். 5 டிகிரியில் மிக நேர்த்தியாகத் தோன்றிய பீர் 12 டிகிரியில் நெயில் பாலிஷ் வாசனையை வெளிக்காட்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒருவருக்கு 120 மில்லி போதும். 473 மில்லி கேனில் ஆல்கஹால் 8 சதவீதம் என்றால், அதிலிருக்கும் தூய ஆல்கஹால் ஏறத்தாழ 30 கிராம்; அமெரிக்கக் கணக்கில் இரண்டு முழு டிரிங்குக்கும் சற்று அதிகம். ஒரே அமர்வில் நான்கு பீருக்கு மேல் மதிப்பிடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் நாக்கும் நிதானமும் ஒருசேர மழுங்கும். வண்டி ஓட்டும் திட்டமிருந்தால் மதிப்பீட்டை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே சரி.

படி 4: ஊற்றுதலும் பார்த்தலும்

குவளையைச் சாய்த்துப் பாதிவரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரற்கடை நுரை எழும். நிறம் வெளிர் பொன்னிலிருந்து செம்பொன் வரை இருக்கலாம். மேற்குக் கடற்கரைப் பாணியில் தெளிவு எதிர்பார்க்கப்படுகிறது; ஹாப்ஸ் அதிகமானதால் வரும் மெல்லிய மூட்டத்துக்கு மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை. கசப்பு அமிலங்களும் மால்ட் புரதமும் சேர்ந்துதான் நுரையைத் தாங்கிப் பிடிக்கின்றன என்பதால், ஒவ்வொரு மிடறுக்கும் குவளைச் சுவரில் கோலம்போல் நுரைத் தடம் விழ வேண்டும். கலங்கல் பாணி பீர் சாம்பல் கலந்த பழுப்பாக மங்கியிருந்தால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது என்று எச்சரிக்கையாகிவிடுங்கள். பார்வைக்கு இதற்குமேல் நேரம் செலவிட வேண்டாம், மணம் காத்திருக்காது.

படி 5: முகர்தல்

மதிப்பீட்டின் செழுமையான பகுதி இதுதான். ஊற்றி முடித்த கணமே குவளையை மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பக்கவாட்டில் ஒருமுறை நகர்த்தி முகருங்கள். முதலில் எழுந்து முதலில் மறையும் வாசனைகளைப் பிடிக்க இதுவே வாய்ப்பு. கந்தகம், பூண்டு, ஸ்கங்க் முதலியவை இந்த முதல் முகர்வில்தான் தெளிவாகத் தெரியும். பிறகு குவளையை அருகே கொண்டுவந்து, நாய் மோப்பம் பிடிப்பதுபோல் இரண்டு மூன்று குறுகிய இழுப்புகள். ஒரே நீண்ட மூச்சாக இழுத்தால் மூக்கு விரைவில் பழகிப்போய் எதையும் சொல்லாது. பழகிவிட்டதாகத் தோன்றினால் உங்கள் முழங்கையின் மடிப்பை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். மூன்றாவதாக, குவளையின் வாயை உள்ளங்கையால் மூடிச் சுழற்றி, கையை விலக்கியதும் முகருங்கள். தோன்றியதை உடனே எழுதிவிட வேண்டும். குடித்தபின் எழுதலாம் என்று விட்டால் சுவை வந்து மணத்தின் நினைவை அழித்துவிடும்.

என்ன தேடுவது? ஹாப்ஸ் எந்தக் கட்டத்தில் சேர்க்கப்பட்டது என்பது இங்கே உதவும். மால்ட் சாறு கொதிக்கத் தொடங்கும்போது போடும் ஹாப்ஸில் ஆல்ஃபா அமிலங்கள் வடிவம் மாறிக் கரைந்து கசப்பாகின்றன. எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். கடைசி நிமிடங்களில் போடுவது சுவையைத் தரும். நொதித்தபின் குளிர்ந்த பீரில் ஊறவைப்பது மணத்தைத் தரும். இதற்கு டிரை ஹாப்பிங் என்று பெயர். எனவே மணம் பலமாக இருந்து கசப்பு மெலிந்திருப்பதும், கசப்பு ஓங்கி மணம் ஒடுங்கியிருப்பதும் இரண்டும் நடக்கக்கூடியவை. இரண்டாவது நிலை பெரும்பாலும் பழைய பீரின் அடையாளம். ஏனெனில் மணம் முதலில் சாகும், கசப்பு நின்று நிலைக்கும்.

ரகங்களை அறிந்துகொண்டால் குறிப்பு கூர்மையாகும். 1972இல் வெளியான காஸ்கேட், பம்ப்ளிமாஸ் தோலின் மணத்தால் அமெரிக்கச் சிறு ஆலைகளின் கிராஃப்ட் பீரின் முகத்தையே தீர்மானித்தது. சென்டெனியல் எலுமிச்சையும் மலருமாக இருக்கும். சிம்கோவில் பைன் மரப்பிசின் தூக்கல். சாம்பிராணிப் புகை போடுமுன் குங்கிலியக் கட்டியை உடைத்தால் வரும் வாசனைக்கு அது நெருங்கியது. கொலம்பஸ் பிசினும் மிளகுமாகக் குத்தும். சிட்ராவில் மாம்பழம், லிச்சி. மொசைக்கில் கொய்யா, புளூபெர்ரி. வாஷிங்டன் மாநிலத்தின் யக்கிமா பள்ளத்தாக்கில் விளையும் இவை அறுவடை தாமதமானால் வெங்காயம், பூண்டு வாசனைக்குத் திரும்புவதுண்டு. அதைச் சிலர் விரும்புகிறார்கள். என் தாளில் அதற்கு மதிப்பெண் குறையும்.

ஹாப்ஸுக்குப் பின்னால் மெல்லிய ரொட்டி வாசனையாக மால்ட் தெரிந்தால் சரி. பாகு காய்ச்சிய வாசனை முன்னுக்கு வந்தால், கிரிஸ்டல் மால்ட் என்னும் பாகுச்சுவை மால்ட் அதிகமாகிவிட்டது அல்லது பீருக்கு வயதாகிவிட்டது.

படி 6: முதல் மிடறு, இரண்டாம் மிடறு, மூன்றாம் மிடறு

மூன்று மிடறுகளுக்கும் மூன்று வேலைகளை ஒதுக்கிக்கொள்வது என் வழக்கம்.

முதல் மிடறு, கசப்புக்கு. ஒரு மேசைக்கரண்டி அளவு வாயில் எடுத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்குங்கள். வைன் சுவைப்பவர்களைப்போலத் துப்பக் கூடாது, ஏனென்றால் இந்த பீரின் கதையில் பாதி விழுங்கியபின்தான் நடக்கிறது. கசப்பு மெதுவாக ஏறி, சில நொடிகளில் உச்சம் தொட்டு, பின் இறங்கும். மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். நல்ல டபுள் ஐபிஏவில் கசப்பு உச்சத்திலிருந்து சீராகத் தேய்ந்து, நாக்கைச் சுத்தமாக விட்டுவிட்டு அடுத்த மிடறைக் கேட்கும். ஒரு நிமிடத்துக்குப் பிறகும் மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கசப்பு முரடானது. இங்கே பாகற்காய் வறுவலை நினைத்துக்கொள்ளலாம். நன்றாகச் செய்த வறுவலின் கசப்பை நாம் விரும்பிச் சாப்பிடுகிறோம். பதம் தவறியதன் கசப்போ சாப்பாடு முடிந்தும் தொண்டையிலேயே கிடக்கும். அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், வேறுபடுவது தன்மை.

இரண்டாம் மிடறு, துவர்ப்புக்கும் காரத்துக்கும். விழுங்கியதும் நாக்கை மேலண்ணத்தில் தேயுங்கள். கறுப்புத் தேநீர்க் குவளையின் சொரசொரப்பு வருகிறதா? லேசாக வந்தால் பொறுக்கலாம். டிரை ஹாப்பிங்கில் இலைப்பகுதியின் பாலிஃபீனால்கள் சிறிதளவாவது வந்தே தீரும். கன்னம் ஒட்டிக்கொள்ளுமளவு வந்தால் குறை. கலங்கல் பாணியில் ஹாப்ஸ் துகள் முழுவதும் அடியில் படியாமல் கேனுக்குள் வந்துவிட்டால் தொண்டையைப் பிராண்டும் ஓர் எரிவும் சேரும். அதை ஹாப் பர்ன் என்கிறார்கள். கேனை நிமிர்த்திச் சில நாள் குளிர்பெட்டியில் வைத்தால் அது பெரும்பாலும் அடங்கும். அடுத்து மார்பைக் கவனியுங்கள். 8 சதவீத பீரில் மிதமான கதகதப்பு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். வோட்காக் குவளையின் சூடு தனித்துத் தெரிந்தால், ஈஸ்ட் அதிக வெப்பத்தில் நொதித்து ஃபியூசல் என்னும் சுடும் ஆல்கஹால்களை உண்டாக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் மிடறு, சமநிலைக்கு. இம்முறை மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு பீரை வாயில் எடுங்கள். கசப்பும் இனிப்பும் மட்டுமே தெரியும். விழுங்கிவிட்டு மூக்கை விடுவித்து மூச்சை வெளியே விடுங்கள். அந்தக் கணத்தில் பம்ப்ளிமாஸும் மாம்பழமும் பிசினும் வாயின் பின்வழியாக மூக்குக்குள் வெள்ளமாகப் பாயும். ஹாப்ஸின் "சுவை" என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் பின்வழி மணம்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. இந்த மணத்தின் பலமும், கசப்பின் பலமும், மால்ட்டின் முதுகெலும்பும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று பாருங்கள். முடிவு வறண்டிருக்க வேண்டும். பல ஆலைகள் செய்முறையில் கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை சேர்ப்பதன் காரணமும் இதுவே: ஈஸ்ட் அதை முழுவதும் தின்றுவிடுவதால் ஆல்கஹால் ஏறும், ஆனால் பீரின் உடல் (வாயில் உணரும் அடர்த்தி) கனக்காது. மிடறு முடிந்ததும் உதடு பிசுபிசுத்தால் இந்த இடத்தில்தான் தவறியிருக்கிறது.

படி 7: குறைகளை அடையாளம் காணுதல்

ஈரமான காகிதம், அட்டை, தேன் ஆகியவற்றின் வாசனை ஆக்சிஜன் செய்த வேலை. டபுள் ஐபிஏவில் நீங்கள் அடிக்கடி காணப்போகும் குறை இதுவே. பாப்கார்ன் வெண்ணெய் வாசனையும் நாக்கில் ஒரு வழுக்கலும் சேர்ந்து வந்தால் டையசெட்டைல். இவ்வகை பீரில் அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: ஊறவைத்த ஹாப்ஸிலுள்ள என்சைம்கள் மிச்சமிருந்த மாச்சத்துகளை உடைத்துச் சர்க்கரையாக்க, தூங்கப்போன ஈஸ்ட் மறுபடி விழித்து நொதிக்க, அது சுத்தம் செய்து முடிப்பதற்குள் பீர் நிரப்பப்பட்டுவிடுகிறது. பாலாடைக்கட்டி அல்லது வியர்வைச் சாக்ஸ் வாசனை, பழைய ஹாப்ஸின் ஐசோவலெரிக் அமிலம். பச்சை ஆப்பிள் வாசனை, முதிராத பீரின் அசிட்டால்டிஹைட். வேகவைத்த மக்காச்சோள வாசனை டிஎம்எஸ் (டைமெத்தில் சல்ஃபைடு) என்னும் கந்தகச் சேர்மம். இத்தனை ஹாப்ஸுக்கு நடுவே அது தலைகாட்டுவது அரிது.

ஒரு குறை இருக்கிறதா இல்லையா என்று ஐயம் வந்தால், மற்றொருவரை விட்டு மூன்று குவளைகளில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் அதே பீரின் வேறொரு தேதி கேன். வேறுபட்டதைக் கண்களை மூடிக்கொண்டு சரியாகச் சுட்ட முடியாவிட்டால் அந்தக் குறையைத் தாளில் எழுதாதீர்கள்.

படி 8: மதிப்பெண்

பிஜேசிபி தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பது, கலங்கலான பீரின் படங்களைப் பார்த்து ஆவேசப்படும் நண்பர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. 45 முதல் 50 வரை ஒப்பற்றது. 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு. 30 முதல் 37 வரை மிக நன்று. 21 முதல் 29 வரை நன்று.

எடுத்துக்காட்டாக, 8.2 சதவீத பீர் ஒன்றுக்கு அண்மையில் நான் எழுதிய தாளைத் தருகிறேன். நிரப்பி 19 நாள், வாங்கியது குளிர்பெட்டியிலிருந்து, தொடங்கியது 7 டிகிரியில்.

மணம்: முதல் முகர்வில் பம்ப்ளிமாஸ் தோல், உடனே பின்னால் குங்கிலியம்; மூடிச் சுழற்றியபின் பழுத்த கொய்யா; மால்ட் மிக மெல்லியது; சூடேறியபோது கொய்யா நின்றது, சிட்ரஸ் சற்றே தளர்ந்தது. 10. தோற்றம்: தெளிந்த பொன்நிறம், நுரைத் தடம் கடைசிவரை. 3. சுவை: கசப்பு மூன்றாம் நொடியில் ஏறி இருபதாம் நொடிக்குள் சுத்தமாக இறங்கியது, பின்வழி மணத்தில் பிசின் ஓங்கியது, முடிவில் எதிர்பார்த்ததைவிடச் சற்று இனிப்பு. 15. வாயுணர்வு: நடுத்தர உடல், துவர்ப்பு மெல்லியது, 12 டிகிரிக்கு மேல் மார்பில் சூடு தனியாகத் தெரிந்தது. 3. ஒட்டுமொத்தம்: மணமும் கசப்பும் முதல் தரம், இனிப்பும் சூடும் சேர்ந்து இரண்டாவது குவளையைத் தாமதப்படுத்துகின்றன. 7. மொத்தம் 38.

கவனித்தால், மதிப்பெண் குறைந்த இரண்டு இடங்களிலும் கசப்புக்குப் பங்கில்லை என்பது தெரியும். குளிர்ச்சியாகவே குடித்து முடித்திருந்தால் இந்த பீருக்கு 41 கொடுத்திருப்பேன். 12 டிகிரிவரை காத்திருந்ததால்தான் சூடு தனியே பிரிந்து நின்றது.

படி 9: அதே பீரை மீண்டும் திறத்தல்

ஒரே தேதியிட்ட இரண்டு கேன்கள் வாங்குவது நல்லது. ஒன்றை அன்றே மதிப்பிட்டுவிட்டு, மற்றொன்றைக் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வைத்து, ஐந்து வாரம் கழித்து, முந்தைய தாளைப் பார்க்காமலே புதிய தாளில் எழுதுங்கள். பிறகு இரண்டையும் அருகருகே வையுங்கள். மேற்சொன்ன பீரின் இரண்டாவது கேனில் பம்ப்ளிமாஸ் இருந்த இடத்தில் ஆரஞ்சு மார்மலேட் இருந்தது; கொய்யா காணவில்லை; குங்கிலியம் மட்டும் அப்படியே இருந்தது. மணத்துக்கு 10 போட்ட கை இம்முறை 7 போட்டது. கசப்பின் வரிசையில் மட்டும் இரண்டு தாளிலும் ஏறத்தாழ ஒரே சொற்கள்: மூன்றாம் நொடியில் ஏற்றம், இருபதுக்குள் இறக்கம்.